மாறும் சமூகமும் மழலை மனமும்: தென்சென்னையில் குழந்தை உளப்பகுப்பாய்வின் வரலாற்றுத் தடங்கள்

முன்னுரை

குழந்தைப் பருவத்தை நுணுகி நோக்கிய மொழி தமிழ். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொகுத்துரைக்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணமோ காப்பு முதலாகக் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துக் காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வருகிறான் சிறுவன். சிதைக்க வேண்டா என இறைஞ்சி நிற்கின்றனர் சிறுமியர். கட்டுதலும் சிதைத்தலுமாகிய அவ்விளையாட்டில் ஒரு மனம் இயங்குவதைப் புலவர்கள் கண்டிருந்தனர். 1920இல் வெளிவந்த தம் நூலொன்றில் சிக்மண்ட் ஃபிராய்டும் இத்தகைய ஓர் ஆட்டத்தை விவரித்தார். ஒன்றரை வயதுப் பேரன் நூற்கட்டையை எறிந்தும் இழுத்தும் ஆடிய ஆட்டம் அது. தாயின் பிரிவைத் தாங்கக் கற்கும் முயற்சியாக அதனை அவர் விளக்கினார். புலவர் குழந்தையின் ஆட்டத்தைக் கொண்டாடினர். உளப்பகுப்பாய்வாளர் அதனுள் இருந்த வலியைக் கேட்டனர். இவ்விரு நோக்குகளும் சந்தித்த இடங்களுள் தென்சென்னையும் ஒன்று.

குழந்தை உளப்பகுப்பாய்வுக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. வயதுவந்தவர் தம் துயரைத் தாமே சுமந்து மருத்துவரிடம் வருவார். குழந்தை தானாக வருவதில்லை. அதனை யாரேனும் அழைத்து வருகின்றனர். 1909இல் ஃபிராய்டு வெளியிட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஹான்ஸின் வரலாற்றில், சிறுவனோடு பேசியவர் பெரும்பாலும் அவனுடைய தந்தையே. ஃபிராய்டு தந்தையின் வழியாகவே கேட்டார். ஆகவே குழந்தையை அழைத்து வருபவர் யார், எதற்காக அழைத்து வருகிறார், குழந்தை எம்மொழியில் பேசுகிறது, அது சொன்னது யாரிடம் சென்று சேர்கிறது என்னும் நான்கு வினாக்களும் இத்துறையில் தவிர்க்க இயலாதவை. சமூகம் மாறுந்தோறும் இவற்றின் விடைகளும் மாறுகின்றன. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளின் நூறாண்டு வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

வளரிளம் பருவத்தின் தோற்றம்

வளரிளம் பருவம் இயற்கை தந்தது என்றே பலரும் கருதுகின்றனர். உடல் மாற்றம் இயற்கையே. ஆயின் அம்மாற்றத்துக்கும் திருமணத்துக்கும் இடையே சில ஆண்டுகள் ஓய்வாகக் கிடைக்க வேண்டும் என்பது சமூகம் தந்த ஏற்பாடு. பேதை, பெதும்பை, மங்கை எனப் பெண்ணின் பருவங்களை வகுத்த மரபில் மங்கைப் பருவம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூரின் மாடவீதி இல்லங்கள் பலவற்றில் அவ்வயதிற்குள்ளாகவே சிறுமி மனைவியாகிவிட்டாள்; சிலவற்றில் கைம்பெண்ணாகவும் ஆகிவிட்டாள். அவளுடைய மனத்தை ஆராய எவரும் முற்பட்டிலர். ஆராய்வதற்குரிய கால இடைவெளியே அவளுக்கு வழங்கப்படவில்லை.

அவ்வாறு சிறுவயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி (1886–1969) 1911இல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணியாகி, இளங் கைம்பெண்களுக்கு இல்லமும் கல்வியும் அமைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் நிறுவிய அவ்வை இல்லம் பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. 1929இல் இயற்றப்பட்டு 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குழந்தை மணத் தடுப்புச் சட்டம் பெண்ணின் குறைந்தபட்ச மணவயதைப் பதினான்கு என்றது; 1978இல் அது பதினெட்டு ஆயிற்று. ஏட்டளவில் இருந்த சட்டத்தைவிடப் பள்ளிக்கூடமே மிகுதியாகச் சாதித்தது எனலாம். 1956இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் முயற்சியாலும் சுப்புலட்சுமியின் துணையாலும் வித்யா மந்திர் பள்ளி தோன்றியபோது, முந்தைய தலைமுறையில் மணமேடையில் அமர்ந்திருக்கக்கூடிய வயதினர் வகுப்பறையில் அமர்ந்தனர். ஐயுறவும் கனவும் சினமும் கொள்ள உரிமையுடைய ஒரு பருவம் பிறந்தது. உளப்பகுப்பாய்வு வளரிளம் பருவத்தினரைச் சந்திப்பதற்கு முன்பே சமூகச் சீர்திருத்தம் அப்பருவத்தை உருவாக்கித் தந்துவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

அடையாறும் வியன்னாவும்

1938இல் நாஜிகளின் பிடியில் வீழ்ந்த வியன்னாவை விட்டு ஃபிராய்டு குடும்பத்தினர் இலண்டன் சென்றனர். 1939 செப்டம்பர் 23 அன்று ஃபிராய்டு அங்கு மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் மகன் மாரியோவுடன் சென்னை வந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின்பேரில் அடையாற்றில் தொடங்கிய பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் பயின்றனர். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே, தாயும் மகனும் பகைநாட்டவராயினர். மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்துக்குள் இருத்தப்பட்டார். அவருடைய எழுபதாம் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 31 அன்று மகன் விடுவிக்கப்பட்டார். பிரிவு குழந்தை மனத்தை என்ன செய்கிறது என்று ஐரோப்பா ஆராயத் தொடங்கிய காலத்தில், குழந்தைக் கல்வியின் பேராசிரியரே பிரிவுக்கு ஆளாகி அடையாற்று ஆலமரச் சூழலில் காத்திருந்தார்.

மாண்டிசோரி முறை உளப்பகுப்பாய்வு அன்று. எனினும் இரண்டுக்கும் உறவு உண்டு. வியன்னாவின் மாண்டிசோரிக் குழந்தைகள் இல்லத்தோடு அன்னா ஃபிராய்டு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாக வகுத்த எரிக் எரிக்சன், அன்னாவிடம் பகுப்பாய்வு பயின்றதோடு மாண்டிசோரிச் சான்றிதழும் பெற்றவர். குழந்தையைத் திருத்துவதற்கு முன் அதனைக் கவனி என்பதே இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான அறம். பிரம்பும் மனப்பாடமும் கோலோச்சிய காலத்தில் அவ்வறம் அடையாற்றிலிருந்து தமிழகப் பாலர் பள்ளிகளுக்குப் பரவியது. ஆயினும் வேறுபாடும் சிறியதன்று. மாண்டிசோரிக்குக் குழந்தையின் செயல் முதன்மையானது. கற்பனை விளையாட்டை அவர் பெரிதும் போற்றவில்லை. மெலனி கிளைன் போன்ற பகுப்பாய்வாளருக்கோ கற்பனை விளையாட்டே குழந்தையின் மொழி. சென்னை முதல் மரபை வரவேற்றுத் தனதாக்கிக் கொண்டது. இரண்டாவது மரபுக்கு நெடுங்காலம் கதவு திறக்கவில்லை.

இதற்குரிய காரணங்களுள் ஒன்று நிறுவன வரலாறு. கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவி ஃபிராய்டோடு கடிதத் தொடர்பு கொண்டார். 1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குத் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றைக் கழகம் அனுப்பியது. பகுப்பாய்வுப் பயிற்சி கல்கத்தாவிலும் பம்பாயிலும் வேர்கொண்டது. குழந்தை வழிகாட்டு மருத்துவமனை ஒன்று 1937இல் பம்பாயின் டாடா சமூகப்பணிப் பள்ளியில் தோன்றியது. சென்னையில் உளநலம் என்பது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையையே பெரிதும் குறித்தது. 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறையும், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும் தோன்றின. இவற்றின் வழியாகவே பகுப்பாய்வுச் சிந்தனை ஆலோசனைப் பணியாகவும் சமூகப் பணியாகவும் உருமாறி நகருக்குள் நுழைந்தது.

தியாகராய நகரும் தாயற்ற குழந்தைகளும்

1920களில் ஏரி நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட தியாகராய நகர், நடுத்தர வகுப்பினரின் புதிய குடியிருப்பாக வளர்ந்தது. அங்கு 1949இல் காமராசரின் ஊக்கத்தோடு எஸ். மஞ்சுபாஷிணி நிறுவிய பால மந்திர், ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமாயிற்று. போருக்குப் பிந்தைய அதே காலத்தில் ஐரோப்பாவில் இக்குழந்தைகளைப் பற்றிய பெருஞ்சிந்தனை ஒன்று உருப்பெற்றது. இலண்டன் குண்டுவீச்சின்போது அன்னா ஃபிராய்டு நடத்திய ஹாம்ப்ஸ்டெட் போர்க்காலக் காப்பகங்கள் ஓர் உண்மையை உணர்த்தின: குண்டைவிடத் தாயின் பிரிவே பல குழந்தைகளை மிகுதியாக வாட்டியது. 1951இல் உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, உணவும் உடையும் மருந்தும் இருந்தாலும் நிலையான ஓர் அன்பாளர் இல்லாத குழந்தையின் மனம் நோயுறும் என வலியுறுத்தியது.

அறம் சார்ந்த தொண்டை உளவியல் அறிவு இவ்வாறு வினாவுக்குள்ளாக்கியது. பெரிய கூடத்தில் நூறு குழந்தைக்குச் சோறிடுவது கொடை. ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய ஒரு முகம் வேண்டும் என்பது அறிவு. 1920இலேயே இந்தியாவில் முன்னோடியாகக் குழந்தைகள் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை. அச்சட்டம் குழந்தையைச் சிறையிலிருந்து காத்தது. பிற்காலச் சட்டங்கள், குறிப்பாக 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், நிறுவனக் காப்பைக் கடைசி வழியாகவே கருதிக் குடும்பத்தை முதன்மைப்படுத்தின. பகுப்பாய்வறையில் தோன்றிய ஓர் உண்மை அறுபது ஆண்டுகள் கடந்து சட்டமாக வந்து சேர்ந்தது எனலாம்.

அடிமனம் என்னும் சொல்

குழந்தை தன் துயரைச் சொல்வதற்கும் பெற்றோர் அதனைப் புரிந்துகொள்வதற்கும் முதலில் சொல் வேண்டும். அச்சொல்லைத் தமிழுக்கு ஆக்கித் தந்தோருள் பெ. தூரன் (1908–1987) தலையாயவர். கவிஞராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் அறியப்பட்ட தூரன், ‘குழந்தை உள்ளம்’, ‘அடிமனம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘கருவில் வளரும் குழந்தை’ என உளவியல் நூல்கள் பலவும் எழுதினார் என்பது இன்று மறக்கப்பட்டு வருகிறது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகவும் (1954–1968), பின்னர்க் குழந்தைகளுக்கெனத் தனிக் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகவும் (1968–1976) சென்னையிலிருந்து உருவாக்கிய பெருமகனார் அவர்.

அவர் ஆண்ட சொற்களின் பொருத்தம் எண்ணத்தக்கது. ‘நனவிலி’ என்பது நனவு இல்லாமை என ஓர் இன்மையைக் குறிக்கிறது. ‘அடிமனம்’ என்பதோ ஓர் இடத்தைக் குறிக்கிறது. கிணற்றுக்கு அடி உண்டு, பானைக்கு அடி உண்டு, மனத்துக்கும் அடி உண்டு என்று எழுத்தறியாத் தாயும் உணர்ந்துகொள்வாள். ஆட்லரின் கருத்தாகிய ‘தாழ்வு மனப்பான்மை’ இன்று கடைத்தெருப் பேச்சிலும் வழங்குகிறது. சொல் வந்து சேர்ந்தபின், மந்திரித்துக் கயிறு கட்டிய அச்சமும் திருஷ்டி கழித்துப் போக்கிய அழுகையும் வேறொரு விளக்கம் பெற்றன. அம்மரபு வழிகளை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. குழந்தையை மடியில் கிடத்தி ஒருவர் பொறுமையாகக் கவனித்த நேரம் அச்சடங்கினுள் இருந்தது. சடங்கு மறைந்தபோது அந்நேரமும் உடன்மறைந்தது.

கூட்டுக் குடும்பம் முதல் அடுக்ககம் வரை

ஃபிராய்டின் குடும்பம் தந்தை, தாய், குழந்தை என்னும் மூவர் குடும்பம். மயிலாப்பூரின் பழைய வீடு அத்தகையதன்று. பாட்டி, அத்தை, பெரியம்மா, சித்தப்பா எனப் பல மடிகளில் குழந்தை வளர்ந்தது. இந்தியரிடம் ஈடிப்பஸ் சிக்கல் வேறு வகையில் அமைகிறது எனப் போஸ் ஃபிராய்டுக்கே எழுதினார். ஏ. கே. இராமானுசன் இந்தியக் கதைகளை ஆராய்ந்து, இங்கு மகன் தந்தையை வெல்வதினும் தந்தைக்காக மகன் தன்னை இழப்பதே மிகுதி எனக் காட்டினார். எரிக்சனின் தொடர்பால் உளப்பகுப்பாய்வுக்கு வந்த சுதீர் கக்கர் (1938–2024), 1978இல் வெளியிட்ட நூலில் இந்தியக் குழந்தையின் அகவுலகம் குடும்ப அமைப்போடு பிணைந்திருப்பதை விளக்கினார்.

இவ்வறிஞர்கள் விளக்கிய குடும்பம் அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோதே மாறத் தொடங்கிவிட்டது. திண்ணை வைத்த வீடுகள் இடிந்து அடுக்ககங்களாயின. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 மட்டுமே. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், அடையாறு சார்ந்த பகுதிகளில் தாயும் தந்தையும் இரவுப்பணி செல்லும் இல்லங்கள் பெருகின. பிள்ளைகள் அமெரிக்கா சென்றபின் பாட்டி தனியே வாழும் வீடும், பாட்டி இல்லாமல் பேரன் தனியே வளரும் வீடும் ஒரே தெருவில் அமைந்தன. முன்னர்ச் சினத்தை ஒருவரிடமும் அன்பை மற்றொருவரிடமும் பகிர்ந்தளித்த குழந்தை, இப்போது இரண்டையும் அதே இருவரிடம் செலுத்த வேண்டியதாயிற்று. ஐரோப்பியக் கோட்பாடு சென்னைக்குப் பொருந்தாது எனக் கூறப்பட்ட காலம் போய், சென்னைக் குடும்பமே அக்கோட்பாட்டின் வடிவத்துக்குள் சுருங்கியது. உளப்பகுப்பாய்வாளர் கோட்பாட்டை மாற்ற வேண்டும் என்று ஒருபுறமும், சமூகம் கோட்பாட்டை நோக்கி நகர்ந்துவிட்டது என்று மறுபுறமும் வாதிட இடமுண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு.

தேர்வு என்னும் தந்தை

ஒரே பிள்ளை, அப்பிள்ளையின் மீதே இரு குடும்பங்களின் நம்பிக்கையும். இந்நிலையில் தேர்வு வெறும் கல்வி நிகழ்ச்சியாக இருத்தல் இயலாது. மதிப்பெண் தாள் பெற்றோரின் அன்புக்கு விலைச்சீட்டாகத் தோன்றும் இல்லத்தில், தோல்வி என்பது கைவிடப்படுதல் என்றே பொருள்படும். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையம், இராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து இத்தகைய குரல்களைத் தொலைபேசி வழியே கேட்டுவருகிறது. தோற்ற மாணவர் ஓராண்டு முழுதும் காத்திராமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதலாம் என்னும் துணைத்தேர்வு முறை 2000களின் தொடக்கத்தில் தமிழகத்தில் வந்தது. அதனை வலியுறுத்தியோருள் ஸ்நேகாவும் உண்டு. 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. அதே ஆண்டில் மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத்தேர்வு கட்டாயமாகிப் புதிய சுமையும் ஏறியது.

இதனால் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. தனி ஒரு மாணவனின் நடுக்கத்தைத் தனியறையில் ஆராய்ந்து தீர்க்கலாம். ஆயிரம் மாணவர் ஒரே வாரத்தில் நடுங்குவாராயின், நடுக்கத்தின் வேர் அடிமனத்தில் மட்டும் இல்லை. தேர்வு அட்டவணையிலும் இருக்கிறது. அட்டவணையை மாற்றுவதும் ஒருவகைச் சிகிச்சையே.

சட்டமும் மௌனமும்

பகுப்பாய்வறையின் அடிப்படை மறைகாப்பு. குழந்தை சொன்னது அவ்வறையை விட்டு வெளியேறாது என்னும் உறுதியே அதனைப் பேச வைக்கிறது. 2012இல் வந்த பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், குற்றத்தை அறிந்த எவரும் அதனைத் தெரிவித்தாக வேண்டும் என விதித்தது. உளநலப் பணியாளரும் இதற்கு விலக்கல்லர். இங்கு வரலாற்று முரண் ஒன்று காணக்கிடக்கிறது. 1897இல் ஃபிராய்டு, தம் நோயாளிகள் கூறிய குழந்தைப் பருவக் கொடுமைகள் யாவும் உண்மை நிகழ்ச்சிகள் என்னும் தம் கருத்தைக் கைவிட்டுக் கற்பனையின் பக்கம் திரும்பினார். அத்திருப்பமே உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்தது. பல குழந்தைகளின் மெய்யான முறையீடு கேளாமல் போகவும் வழிவகுத்தது. சென்னையில் 2004இல் தோன்றிய ‘துளிர்’ போன்ற அமைப்புகளின் பணியும் புதிய சட்டமும், குழந்தை சொல்வதை முதலில் மெய்யென ஏற்குமாறு பெரியோரைப் பணித்தன.

ஆயின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அனைவரையும் ஒரே வரையறையுள் அடக்கும் சட்டம், பதினேழு வயதினரின் காதலையும் குற்றமாக்கியது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோரின் இசைவான உறவைச் சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்குவது குறித்து எண்ணலாம் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தது. மனத்திலுள்ளதைச் சொன்னால் காவல் நிலையம் வரக்கூடும் என அறிந்த இளம்பெண் வாய்திறப்பாளா? சொல்லாவிடின் கொடுமைக்கு உள்ளானவளைக் காப்பது எவ்வாறு? இவ்விரண்டுக்கும் இடையே நின்று, முதற் சந்திப்பிலேயே தம் கடமையின் எல்லையை இளையோருக்கு எடுத்துரைத்தல் பணியாளரின் அறமாகிறது.

திரைக்குள் விளையாட்டறை

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வகுப்பு மாணவர் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் பள்ளி திரும்பினர். உளநல ஆலோசனை கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்தது. வயதுவந்தோர்க்குச் சொல் போதும். குழந்தைக்கோ மணல், களிமண், பொம்மை, தரை ஆகியன வேண்டும். பொம்மையை எறிந்தால் எடுத்துத் தருபவர் எதிரில் வேண்டும். இரண்டறை அடுக்ககத்தில், அடுத்த அறையில் தாய் கேட்டுக்கொண்டிருக்க, குழந்தை எதைச் சொல்லும்? மறைகாப்புக்குச் சட்டத்தால் வந்த நெருக்கடி ஒருபுறமிருக்க, சுவரின் மெல்லிமையாலும் நெருக்கடி வந்தது. எனினும் வளரிளம் பருவத்தினர் சிலர்க்கு முகம் மறைத்துப் பேசும் வாய்ப்பு துணிவு தந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி-மானஸ்’ தொலைபேசிச் சேவை மாநில மொழிகளிலும் ஆலோசனை வழங்குகிறது.

முடிவுரை

மணவயதை உயர்த்திய சட்டம் வளரிளம் பருவத்தைத் தந்தது. போர் மாண்டிசோரியை அடையாற்றில் இருத்தியது. தொண்டு தாயற்ற குழந்தையைத் தியாகராய நகரில் ஏந்தியது. அடுக்ககம் பாட்டியை அகற்றியது. தேர்வும் சட்டமும் திரையும் பகுப்பாய்வறையின் உள்ளே நுழைந்தன. சமூகம் அறைக்கு வெளியே நிற்பதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.

நான்கு வினாக்களுள் மொழி பற்றியது மட்டும் இன்னும் விடையின்றி நிற்கிறது. சென்னையில் உளநல உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தோர்க்கே எளிதில் வாய்க்கிறது. டென்ஷன், டிப்ரஷன் என்னும் சொற்களைப் பள்ளிச் சிறுவனும் ஆள்கிறான். ஆயின் அச்சொற்கள் அவனுடைய வலிக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டுகளே. மயிலாப்பூர் மாடவீதிச் சிறுவனுக்கும் பட்டினப்பாக்கம் கடற்கரைக் குப்பத்துச் சிறுமிக்கும் அடிமனம் ஒன்றே. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது அச்சிறுமியர் கண்ட கனவுகள் தமிழில்தாம் வந்தன. அவற்றைத் தமிழில் கேட்கப் பயின்ற செவிகள் போதிய அளவில் இல்லை.

தூரன் சொற்களை ஆக்கித் தந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. அவற்றைப் பயிற்சி நூல்களாகவும் வகுப்பறைப் பாடங்களாகவும் வளர்த்தெடுப்பது மருத்துவர் கடமை மட்டுமன்று. தமிழ் பயின்றோர் கடமையுமாகும். குழந்தை கட்டிய சிற்றிலின் பொருளை அதனிடமே கேட்டறிய, அதன் மொழியறிந்த ஒருவர் அருகில் அமர்ந்திருத்தல் வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய மொழிக்கு இது இயலாத செயலன்று.